சேலமா, பெங்களூரா, இல்லை நம்ம கோட்டையா?

திருநெல்வேலியிலிருந்து சின்ன அத்தை குடும்பம் நான்கு நாள் தங்குகிற மாதிரி வருகிறது. போன வாரமே அத்தை மகள் போன் போட்டுவிட்டாள். "மதினி, ஒரு நாள் கடைவீதிக்குப் போயாகணும். கொழுந்தனுக்குத் தையில கல்யாணம், பதினஞ்சு சேலையாவது எடுக்கணும். ஆனா கடை மட்டும்னா பயலுவ ரெண்டும் என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிப்போடுவானுவ. பார்க்கிறதுக்கும் ஏதாச்சும் இருக்கிற இடமா சொல்லுங்க."

தருமபுரிக்கு விருந்தாளி வந்தால் நேராக ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போவதுதான் ஊர் வழக்கம். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுவார்கள், மீன் வறுத்துத் தருவார்கள், பரிசலில் சுற்றலாம். கல்யாணச் சேலை கிடைக்காது. அது வேறு நாள் கணக்கு. கடையும் காட்சியும் ஒரே நாளில் வேண்டும் என்றால் எங்களுக்கு மூன்று வழி. தெற்கே 65 கிலோமீட்டரில் சேலம், வடக்கே 140 கிலோமீட்டர் அளவில் பெங்களூரு, அப்புறம் யாரும் கணக்கிலேயே சேர்க்காத தருமபுரி.

மூன்றையும் வெவ்வேறு ஆட்களோடு பலமுறை சுற்றியதில் ஒன்று பிடிபட்டது. மூன்று ஊருக்கும் அமைப்பு ஒன்றுதான். ஒரு கோட்டை, அதற்கு வெளியே பேட்டை. சேலத்தில் கோட்டையும் செவ்வாய்ப்பேட்டையும். தருமபுரியில் கோட்டையும் குமாரசாமிப்பேட்டையும் சந்தைப்பேட்டையும். பெங்களூரிலும் அதேதான், கன்னடத்தில் கோட்டே, பேட்டே என்பார்கள். அங்கே சேலைக்குப் பேர்போன சிக்பேட்டை என்றால் சின்னப்பேட்டை, அவ்வளவுதான். அதனால் பழைய கடைவீதி எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்திலேயே பார்க்க வேண்டியதும் இருக்கும். எவ்வளவு பக்கத்தில் என்பதுதான் கேள்வி. கையில் நாலு பை ஏறிய பிறகு ஆட்டோ பிடித்துக் கோட்டை பார்க்கப் போகிற ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நடந்து போகிற தூரம் என்றால் எட்டிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று பஸ் ஏறிவிடுவார்கள்.

முதலில் சேலம். 1965 அக்டோபரில் தனி மாவட்டம் ஆகும் வரை நாங்களே சேலம் ஜில்லாதான். அதனால் அப்பா தலைமுறைக்குக் கல்யாணச் சாமான் என்றால் இன்றைக்கும் சேலம், மறுபேச்சு கிடையாது. பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. தொப்பூர் கணவாயில் எந்த லாரியும் கவிழாத நாளாக இருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் புது பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இறங்கி நடந்தால் முதல் அக்ரகாரம், சின்னக்கடை வீதி எல்லாம் காலடியில். இளம்பிள்ளைச் சேலைகள் உற்பத்தியாகிற இடத்துக்குப் பக்கம் என்பதால் விலையும் கட்டுப்படியாகும்.

சேலத்தில் எனக்குப் பிடித்தது சேலை இல்லை, வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு செய்கிற பட்டறைகளும் கடைகளும் நிறைய. தராசில் வைப்பதற்கு முன்னால் கடைக்காரர் கொலுசை உள்ளங்கையில் போட்டு ஒரு குலுக்குக் குலுக்குவார். முத்துச் சத்தம் சன்னமாக வந்தால் அம்மா தலையை ஆட்டுவாள். கலகலவென்று வந்தால் "இது மாட்டுக்குக் கட்டறதா" என்று ஒதுக்கிவிடுவாள். எடை, கூலி எல்லாம் அதற்கப்புறம்தான்.

பார்ப்பதற்கு என்ன? கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர் பெருமாள், சுகவனேசுவரர். மூன்றுமே கடைவீதியை ஒட்டிய தூரம்தான். ஆடியில் போனால் கோட்டை மாரியம்மன் திருவிழாவே ஒரு காட்சி. ஆனால் கோட்டை என்ற பேர்தான் மிச்சம். பிள்ளைகள் ஏறிக் குதிக்க மதில் என்று ஒன்றும் இல்லை. பார்ப்பதெல்லாம் கோயில் என்பதால் இன்னொரு தொந்தரவும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கடையில் பட்டுச் சேலையைப் பிரிக்கச் சொல்லி உட்கார்ந்தோம். பிரித்தது நாற்பதோ ஐம்பதோ, எடுத்தது ஒன்று. வெளியே வந்து சுகவனேசுவரரிடம் ஓடினால் நடை சாத்தியாகிவிட்டது. இனி நாலு மணிக்கு மேல்தான். அதுவரை என்ன செய்வது? மறுபடி கடைதான். அன்றைக்கு அனாவசியமாக ஒரு மிக்ஸி வாங்கினோம்.

பிள்ளைகளுக்குச் சேலத்தில் ஒரே ஆறுதல் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், காரச் சட்னி. வண்டிக்காரர் கையிலேயே அடுக்கித் தருவார். வாய்க்குள் முழுசாகப் போகாது, கடித்தால் பாதி சட்டையில் விழும். அதற்காகவே கேட்பார்கள்.

அடுத்து பெங்களூரு. தூரம் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பார்க்கிற விஷயத்தில் இதற்குப் பக்கத்தில் சேலம் நிற்காது. இதை எழுதுகிறபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் முறைப்பது தெரிகிறது, இருந்தாலும் அதுதான் உண்மை.

சிக்பேட்டைக்குப் போகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, பதினொரு மணிக்குப் போய் இறங்குவது. கடைகள் சாவகாசமாகப் பத்து, பத்தரைக்குத்தான் திறக்கும் என்பதால் அப்படித் திட்டம் போடுகிறார்கள். விடிகாலையில் கிளம்பி எட்டு மணிக்குள் கே.ஆர். மார்க்கெட்டில் நின்றால் அந்த நாளே வேறு. 1928-இல் எழுந்த மார்க்கெட் அது. மேல் மாடிக்குப் படி ஏறி, நடுக்கூடத்தை எட்டிப் பார்க்க வேண்டும். மஞ்சள் சாமந்தி ஒரு குவியல், ஆரஞ்சுச் செண்டுமல்லி ஒரு குவியல், நடுவே நடக்க ஓரடி வழி, அந்த வழியில் தலையில் கூடையோடு ஓடுகிற ஆட்கள். அந்தக் கூடைகளில் ஓசூர், ராயக்கோட்டைப் பக்கத்துப் பூவும் இருக்கும். நம் பக்கத்துப் பூவைப் பார்க்க 140 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை என் வீட்டுக்காரர் சொன்னார். தரை முழுக்க ஈரமும் தழையும். வழவழப்பான செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், கோட்டைக்கு. கெம்பெகவுடா 1537-இல் ஊரைக் கட்டியபோது போட்டது மண்கோட்டை. கல்லில் மாற்றியவர் ஹைதர் அலி, 1761-இல். 1791 மார்ச்சில் வெள்ளைக்காரத் தளபதி காரன்வாலிஸின் படை மதிலை உடைத்து உள்ளே போனது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது டெல்லி வாசலும் அதைச் சுற்றிய கொஞ்சம் மதிலும்தான், ஆனாலும் அந்தக் கதவின் உயரத்துக்குப் பையன்கள் வாயைப் பிளப்பார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் 1689-இல் மைசூர் ராஜா சிக்க தேவராஜ உடையார் கட்டிய கோட்டே வெங்கடரமணர் கோயில். அதை ஒட்டியே திப்புவின் கோடைகால அரண்மனை. தேக்கு மரத்தில் 160 தூண், பலகை உத்தரம், மாடி முகப்பு. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே தரை ஜில்லென்று இருக்கும். திப்பு இதைக் கட்டி முடித்தது 1791-இல். அடுத்த வருஷமே ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நம்ம பாராமகாலை, அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கே வந்து நிலத்தை அளந்தது அதற்கப்புறம்தான். சொல்லப்போனால் அந்த அரண்மனையில் நிற்கும்போது நம் ஊர் கைமாறிய கதைக்குள்தான் நிற்கிறோம். மாமாவுக்கு இதெல்லாம் உயிர்; பயல்களுக்கு ஓடிப்பிடித்து விளையாடத் தூண் இருந்தால் போதும்.

இவ்வளவும் முடித்தாலும் மணி பத்தரையைத் தாண்டாது. கடைகள் அப்போதுதான் ஷட்டர் தூக்கும். அவென்யூ ரோட்டில் ஏறி நடக்க ஆரம்பித்தால் பேட்டைகளுக்குக் கணக்கே இல்லை. அக்கிப்பேட்டை அரிசிக்கு, பளேபேட்டை வளையலுக்கு, பேரிலேயே இருக்கிறது. அவென்யூ ரோட்டுக்கே பழைய பேர் தொட்டபேட்டை, பெரிய பேட்டை. அதில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. பி.வி.கே. அய்யங்கார் ரோட்டில் விளக்கு, ஒயர், சுவிட்ச். சிக்பேட்டையில் சேலை. தெருவைப் பார்த்து ஒரு வாசல் இருக்கும், உள்ளே போனால் சந்து, சந்துக்குள் மாடி, மாடியில் பத்துக் கடை, எல்லாவற்றிலும் வெள்ளை மெத்தை விரித்து உட்கார வைப்பார்கள். மொழிக் கவலையே வேண்டாம். வாசலில் நிற்கிற பையன் முகத்தைப் பார்த்தே "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்கக்கா" என்று தமிழில் ஆரம்பித்துவிடுவான். தருமபுரியிலிருந்து வருகிறோம் என்றால் மட்டும் "தர்மவரமா?" என்று ஆந்திராப் பட்டை எடுத்துப் போடுவார்கள். இது எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. நம்ம தருமபுரி நாலு ரோடு பக்கத்தில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. சுற்றுவட்டார விவசாயிகள் கூட்டைக் கொண்டுவந்து கொட்டி ஏலம் விடுகிற இடம். அந்த அங்காடியைத் தாண்டி பஸ் ஏறித்தான் நாங்கள் பெங்களூருக்குப் பட்டுச் சேலை வாங்கப் போகிறோம்.

நகரத்பேட்டைப் பக்கம் தர்மராய சுவாமி கோயிலை விட்டுவிடக் கூடாது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வரும் கரகத் திருவிழா அந்தக் கோயிலுடையது. கரகம் திரௌபதி அம்மனுக்கு. அதைத் தூக்குகிற திகளர் சமூகத்தார் பேசும் பேச்சில் தமிழ் கலந்திருக்கும். அந்தக் கரகம் போகிற வழியில் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்வரும். தெருக்கூத்தில் பாரதம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, நெரிசலான துணிக்கடைத் தெருவின் நடுவில் தருமருக்கும் திரௌபதிக்கும் கோயில் என்றால் ஏதோ நம் ஊரைத் தூக்கிவந்து வைத்த மாதிரி இருக்கும்.

குறை இல்லையா என்றால், நிறைய உண்டு. மொத்த விலைக் கடையில் வாங்கியதைத் திருப்ப முடியாது. ஒருமுறை பத்துச் சேலைக் கட்டு ஒன்று வாங்கிவந்து வீட்டில் பிரித்தால் இரண்டில் முந்தானைப் பக்கம் எண்ணெய்க் கறை. போன் செய்தால், "ஹோல்சேல்ல அப்படித்தான் மேடம் வரும்" என்றார்கள். அதிலிருந்து ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான மொத்தக் கடைகள் அடைத்திருக்கும், நடைபாதைக் கடைகள்தான். காரில் போவது சுத்தப் பைத்தியக்காரத்தனம். அந்தத் தெருக்களில் மூட்டை வண்டிக்கே வழியில்லை. டாய்லெட்டுக்கு அலைய வேண்டும், முக்கியமாகப் பெண்கள். அரண்மனையிலோ மெட்ரோ ஸ்டேஷனிலோ முடித்துக்கொள்வதுதான் என் ஏற்பாடு.

ஆனால் போய்ச் சேர்கிற பாடு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் சில்க் போர்டு சிக்னலில் பஸ் நிற்கிற நேரத்தில் ஒரு சேலைக்கே பூ வேலை முடித்துவிடலாம். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு, ஓசூர் தாண்டி பொம்மசந்திராவில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடலாம். ஆர்.வி. ரோடு வரை மஞ்சள், அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் கே.ஆர். மார்க்கெட், அதற்கடுத்தது சிக்பேட்டை. வெயிலும் இல்லை, ஹாரனும் இல்லை. கர்நாடக பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு ஏறிவிடாதீர்கள். அது அந்த மாநிலத்து முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இன்னும் சுலபம், 90 கிலோமீட்டர்தான். அவர்கள் சேலத்தை யோசிப்பதே இல்லை.

மூன்றாவது, நம்ம ஊர். பதினஞ்சு சேலைக்குத் தருமபுரி போதுமா என்றால், போதும். சின்னசாமி நாயுடு தெருவிலும் ஆறுமுக ஆச்சாரி தெருவிலும் கிடைக்காதது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வகை குறைவு, விலை கொஞ்சம் கூட. ஆனால் பிளவுஸ் துணி பொருந்தவில்லை என்றால் சாயங்காலமே கொண்டுபோய் மாற்றலாம், கடைக்காரருக்கு நம் தாத்தாவைத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் மிச்சமாகி விலை சரிக்குச் சரி ஆகிவிடும். இரண்டு மூன்று சேலைக்காகப் பெங்களூரு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். பத்துக்கு மேல் என்றால்தான் கட்டும்.

பார்ப்பதற்கு? கடைத்தெருவிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்துக்குள் கோட்டை. காமாட்சியம்மனும் மல்லிகார்ஜுனரும் அங்கே. இந்தப் பக்கத்தை முன்பு ஆண்ட நுளம்பர் காலத்துக் கோயில் என்று சொல்கிறார்கள். அம்மன் சந்நிதி உயரமான மேடைமேல், படி ஏறிப் போக வேண்டும். அந்த மேடையின் அடிவரிசையில் ராமாயணம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாகச் செதுக்கியிருக்கிறது. உள்ளங்கை அகலக் கல்லில் குரங்கு, வில், மரம். குனிந்து, கிட்டத்தட்ட உட்கார்ந்தபடியே நகர்ந்து பார்க்க வேண்டும். பெரியவர்கள் நேராக நிமிர்ந்து அம்மனைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தக் கட்டங்கள் குழந்தைகளின் கண் மட்டத்தில் இருப்பதால் அவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். மல்லிகார்ஜுனர் மண்டபத்தில் தொங்கும் தூண். மேலே கூரையைப் பிடித்துக்கொண்டு, கீழே தரையைத் தொடாமல் நிற்கிறது. ஒரு துணியை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் உருவலாம். நான் பள்ளிக்கூடம் படித்தபோது ரிப்பனை விட்டு இழுத்தேன். என் பையன் பஸ் டிக்கெட்டை விட்டான், பாதியில் சிக்கிக்கொண்டது, அதை எடுக்க இன்னொரு டிக்கெட் தேவைப்பட்டது.

தைப்பூசத்தின்போது வருகிறவர்களுக்குக் குமாரசாமிப்பேட்டை முருகன் தேர் உண்டு. பெண்கள் மட்டுமே வடம் பிடிக்கிற தேர். ஊருக்குள்ளேயே நடுகற்களுக்கென்று ஓர் அகழ்வைப்பகமும் இருக்கிறது. ஆநிரை மீட்டுச் செத்துப்போனவர்கள் கையில் வில்லோடு வரிசையாக நிற்பார்கள். இது தகடூர், அதியமான் ஊர், அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த இடம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி, பாதிப் பேர் அதற்குள் எட்டிப் பார்த்ததில்லை. சேலம் ரோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் அதியமான்கோட்டை. காலபைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில் பூசணி விளக்கேற்றக் கூட்டம் அலைமோதும். பக்கத்திலேயே சென்றாயப் பெருமாள் கோயிலில் மண்டபக் கூரையில் பழைய ஓவியங்கள், அங்கே ஆளே இருக்கமாட்டார்கள்.

நம்ம ஊரில் குறை என்னவென்றால் எல்லாம் துண்டு துண்டாக இருக்கிறது. கோட்டைக்கு ஒரு ஆட்டோ, கடைக்கு ஒரு ஆட்டோ. பேட்டை இருக்கிறது, கோட்டை இருக்கிறது, இரண்டையும் ஒரே நடையில் பார்க்க முடியாது. ஆனால் பகல் முழுக்க வேண்டாம்; நாலு மணிக்கு நடை திறந்த பிறகு கிளம்பினால் கோட்டை முடித்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடைத்தெரு, வருகிற வழியில் ஒரு பொட்டலம் நிப்பட்டு, எட்டு மணிக்கு வீட்டில் களி உருண்டை.

இவ்வளவையும் போனில் சொன்னபோது அத்தை மகள் பாதியிலேயே, "அப்ப எதுக்கு மதினி, முடிவைச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பதினஞ்சு சேலை, நடக்கத் தெம்புள்ள ரெண்டு பயல்கள், இந்த இரண்டுக்கும் சேர்த்துப் பொருந்துவது பெங்களூருதான். வியாழக்கிழமை நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். முதலில் மார்க்கெட், அப்புறம் கோட்டை, அரண்மனை, அதற்கப்புறம்தான் கடை. பளேபேட்டையில் ஏதாவது ஒரு பழைய ஓட்டலில் சாகு மசாலா தோசை. சேலத்தை இந்தத் தடவை விட்டுவிட்டோம். அத்தை கொலுசு கேட்டிருந்தால் கதையே வேறாகியிருக்கும், கேட்கவில்லை. மாமாவுக்கு முழங்கால் வலி. அரண்மனை வேண்டுமா, அத்தனை நடை வேண்டாமா என்று கேட்டதற்கு ரொம்ப நேரம் யோசித்து, நடை வேண்டாம் என்றார். அவரும் அத்தையும் அப்பாவோடு வீட்டில் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோருமாகக் கோட்டை.

நேற்று மாமாவே போன் செய்தார். சேலையைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. "ஏம்மா, அந்தத் தூணு நெசமாவே தரையில படலையா?" என்றார். படவில்லை மாமா, துணி நுழையும் என்றேன். "நீங்க ரிப்பனு, டிக்கெட்டுனு விட்டா எனக்கு நம்பிக்கை வராது. நான் என் துண்டைக் கொண்டாறேன்" என்று வைத்துவிட்டார்.